துளை போடும் முன் சுவரைக் கேளுங்கள்: ஒரு வைண்டிங் கடை மேசையிலிருந்து

"அக்கா, வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மிஷின் வாங்கணும், எது நல்லதுங்க?" என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்க வீடு எந்த வருஷம் கட்டினதுங்க?" என்பதுதான். மிஷினைப் பற்றிக் கேட்டால் இந்தம்மா வீட்டைப் பற்றிக் கேட்கிறாளே என்று முழிப்பார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

சேலம் அம்மாப்பேட்டையில் அப்பா விசைத்தறி மோட்டாருக்கு வைண்டிங் கட்டிக்கொண்டிருந்த கடை இது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காயில் சுற்ற உட்கார்ந்தவள் நான். அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. தறி மோட்டார் வரத்து குறைந்துவிட்டது. இப்போது என் மேசையில் கிடப்பதெல்லாம் டிரில், இரும்பு அறுக்கும் கிரைண்டர், மார்பிள் கட்டர். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மிஷின்மேல் குறை இருக்காது. செங்கல்லுக்கு வாங்கிய மிஷினைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்தியிருப்பார்கள். காற்றுத் துளையை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருப்பார்கள். எரிகிற வாடை வந்த பிறகும் "இன்னும் கொஞ்சம்தான்" என்று விடாமல் ஓட்டியிருப்பார்கள். பணம் போகிறது, பாதி வேலையும் அப்படியே நிற்கிறது. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சுவர் எது?

குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் இன்னும் உண்டு. டிரில்லை வைத்தால் மாவில் விரல் போவதுபோல் உள்ளே போகும். போவது சுலபம், பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் சொருகும் பிளாஸ்டிக் குழல்) நிற்பதுதான் கஷ்டம். அடுத்தது நம்மில் அதிகம் பேருக்கு இருக்கும் செங்கல், சிமெண்டுச் சுவர். வீட்டு வேலைக்கு இதைப்போல் நல்ல சுவர் கிடையாது. மூன்றாவது, அடுக்குமாடிகளிலும் புது வீடுகளிலும் வரும் கான்கிரீட் தூண், பீம். நாலாவது, இப்போது கட்டுகிற எடை குறைந்த வெள்ளைக் கல், ஏ.ஏ.சி. பிளாக். ஏற்காட்டுப் பக்கம் வீடு என்றால் கருங்கல் சுவர். அதற்குத் தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

கட்டி முடித்துப் பெயிண்ட் அடித்த சுவரைக் கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. பீரோவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சின்னத் துளை போட்டு வரும் பொடியைக் கையில் பிடித்துப் பாருங்கள். சிமெண்ட் மேல்பூச்சு எந்தச் சுவரிலும் சாம்பல் நிறமாக வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதைத் தாண்டியதும் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, பிட் (துளை போடும் கம்பி) நகர மாட்டேன் என்று நின்றால் கான்கிரீட். வெள்ளையாக, மாவு போல, தடையே இல்லாமல் கொட்டினால் சுண்ணாம்பு அல்லது ஏ.ஏ.சி. பிளாக்.

செங்கல் வீடு என்றால் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) உள்ள இம்பாக்ட் டிரில் போதும். 550 முதல் 700 வாட்டுக்குள் இருக்கட்டும். விசையை அழுத்த அழுத்த வேகம் கூடுகிற மாதிரி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். சுத்தியல் படம் போட்ட மாற்று விசை இருக்க வேண்டும், அதைப் போட்டால் பிட் சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும். இந்த மூன்றும் இல்லாத மிஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்கு ஆகாது. 10 மி.மீ. சக் வைத்த, சுத்தியல் இல்லாத மிஷின் மரத்துக்கும் தகட்டுக்கும் மட்டுமே.

கான்கிரீட்டுக்கு இம்பாக்ட் டிரில் ஏன் தோற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். அதன் உள்ளே பல் வைத்த இரண்டு தட்டு ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும். நிமிஷத்துக்கு 40,000 தட்டு வரை போடும், ஒவ்வொன்றும் சின்னத் தட்டு. ரோட்டரி ஹேமர் என்பது வேறு. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று பிட்டின் பின்புறத்தில் அடி போடும். நிமிஷத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் முழு அடி. தாளம் போடுவதற்கும் உலக்கை போடுவதற்கும் உள்ள வித்தியாசம். இம்பாக்ட் டிரில்லில் நம் தோள் அழுத்த வேண்டும். ரோட்டரி ஹேமரை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், கல்லை அது பார்த்துக்கொள்ளும்.

அதனால் இரண்டையும் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். ரோட்டரி ஹேமரை நாள் வாடகைக்கு எடுங்கள். வீட்டில் கான்கிரீட்டில் துளை போட வேண்டிய இடத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதற்குரிய பிட்டின் அடிப்பகுதியில் நீளவாக்கில் பள்ளம் இருக்கும், எஸ்.டி.எஸ். பிளஸ் என்று பெயர். சாதாரண டிரில் பிட் அதில் மாட்டாது.

போன வருஷம் புதுக் குடித்தனம் வந்த ஒரு தம்பி மூன்றே நாள் ஆன மிஷினைக் கொண்டுவந்தான். திரைச்சீலைக் கம்பி மாட்ட ஆறு துளை. இரண்டு போட்டாயிற்று, மூன்றாவதில் புகை. மோட்டாரின் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரை வெளியே எடுத்தால் வார்னிஷ் கருகி, அதன் முனையில் இருக்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் செம்பு நிறமே தெரியாமல் கிடந்தது. "எங்கே துளை போட்டே கண்ணு?" என்று கேட்டேன். "ஜன்னலுக்கு நேர் மேலேக்கா" என்றான். அங்கேதான் லிண்டல் இருக்கிறது. ஜன்னல் மேல்விளிம்பிலிருந்து சுமார் அரை அடி உயரத்துக்குக் கான்கிரீட். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் அரை அடி நீண்டிருக்கும். சில வீடுகளில் சுவர் முழுக்கச் சுற்றியும் ஓடும். முக்கால் அடி உயரத்துக்குப் போயிருந்தால் செங்கல் கிடைத்திருக்கும். திரையும் கூரைக்குக் கிட்டத்தில் தொங்கி அழகாகத்தான் இருந்திருக்கும். சேலத்தில் வீட்டு டிரில் எரிகிற இடம் எது என்று கேட்டால் நான் ஜன்னல் லிண்டலைத்தான் காட்டுவேன்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது

முடிந்தவரை நேரில் போய் வாங்குங்கள். ஒரு பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டச் சொல்லி, பிட்டின் நுனியை மட்டும் பாருங்கள். நுனி வட்டமடித்தால் சக்கோ, அதைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலோ நேராக இல்லை. அதில் 6 மி.மீ. பிட் மாட்டினால் 7 மி.மீ. துளை விழும், பிளக் லொடலொடவென்று சுற்றும். காற்றுத் துளை வழியே கார்பன் (ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) இருக்கிற இடத்தை எட்டிப் பாருங்கள். சின்ன நீலப்பொறி இருந்தால் பயமில்லை. நெருப்பு வளையம் போல் சுற்றி வந்தால் அந்த மிஷினை வாங்காதீர்கள்.

மிஷின் பட்டையில் சதுரத்துக்குள் சதுரம் என்று ஒரு அடையாளம் இருக்கும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம். அந்த மிஷினுக்கு எர்த் பின் தேவையில்லை, இரண்டு பின் பிளக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடையாளமும் இல்லை, எர்த்தும் இல்லை என்றால் தொடாதீர்கள்.

120 உருப்படி, 150 உருப்படி என்று பெட்டி நிறையக் கொடுப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் வரும் மேசன் பிட்டில் (சுவருக்கான பிட்) பெரும்பாலானவை பத்துத் துளைக்குள் நுனி மழுங்கிவிடுகின்றன. அந்தக் காசில் நல்ல 6 மி.மீ., 8 மி.மீ. மேசன் பிட் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள். வீட்டு வேலையில் முக்கால்வாசி இந்த இரண்டு அளவிலேயே முடியும். கூடவே கடைக்காரரிடம் ஒரு கேள்வி: "இதுக்குக் கார்பன், சுவிட்ச், ஆர்மேச்சர் நம்ம ஊர்ல கிடைக்குமா?" பாஷ், மக்கிட்டா மாதிரி பழகிய பெயர்களுக்கு உதிரிபாகம் கைக்குக் கிடைக்கும். பேர் தெரியாத மிஷினுக்கு ஐம்பது ரூபாய் கார்பன் கிடைக்காமல் முழு மிஷினையும் பழைய இரும்புக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி மிஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். கட்டில், அலமாரி பூட்டுவது, கீல் மாற்றுவது, ஸ்க்ரூ முடுக்குவது இதற்கெல்லாம் 12 வோல்ட் பேட்டரி டிரில் அருமை. எடை குறைவு, ஒயர் காலில் சிக்காது. சுவரில் துளை போடுவதுதான் முக்கிய வேலை என்றால் முதல் மிஷின் ஒயர் வைத்ததாகவே இருக்கட்டும். பேட்டரிக்கு வயசு உண்டு. மாசத்துக்கு ஒருமுறை எடுக்கும் வீட்டில், மிஷின் தேயும் முன் பேட்டரி செத்துப்போகும்.

ஒரு துளை, முழுசாக

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார், ஓய்வு பெற்றவர். சாமி படத்துக்கு ஒரு பலகை மாட்ட மூன்று வாரமாக ஆள் வரவில்லை என்று வருத்தம். கடைக்குப் பின்னால் செங்கல் துண்டுகளை அடுக்கி, பத்துத் துளை போட வைத்தேன். பதினோராவது துளை அவர் வீட்டுச் சுவரில். இன்றைக்கு அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு அவர்தான் துளை போட்டுக் கொடுக்கிறார். அவருக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் உடை. முந்தானையை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். சடையைக் கொண்டையாக்குங்கள். ஆண்கள் லுங்கியோடு நிற்க வேண்டாம். டிரில் ஓட்டும்போது கையுறை போடாதீர்கள், சுற்றுகிற சக் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல முகமூடி. செங்கல், கான்கிரீட், கருங்கல் எல்லாப் பொடியிலும் சிலிக்கா இருக்கிறது. நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

இடத்தைக் குறிப்பதற்கு முன் சுவிட்ச் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் பைப் ஓடும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் என்றால் தண்ணீர் பைப் ஓடும், அதுவும் பெரும்பாலும் தண்ணீர் திறக்கும் குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும். ஒயர் பாதையிலிருந்து அரை அடியாவது தள்ளிக் குறியுங்கள். புள்ளியாக வைக்காமல் கூட்டல் குறியாகப் போடுங்கள். பிட் புள்ளியை அழித்துவிடும், கூட்டல் குறியின் கைகள் நிற்கும், துளை நகர்ந்தால் உடனே தெரியும்.

பிளக்கைப் பிட்டின் பக்கத்தில் வைத்து, பிளக்கின் நீளத்தோடு ஒரு செ.மீ. கூட்டி, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதுவரைதான் ஆழம். பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துக் குறிக்குக் கீழே டேப்பால் ஒட்டினால் பொடி முழுக்க அதில் விழும், தரையைக் கூட்டும் வேலை மிச்சம்.

சக்கைச் சாவியால் ஒரு துளையில் மட்டும் முடுக்கி விட்டுவிடாதீர்கள். மூன்று துளையிலும் ஒவ்வொரு முறை முடுக்கினால்தான் பிட் நடுவில் உட்காரும். சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்த்த பிறகே மிஷின் ஒயரின் பிளக்கைக் கரண்டில் சொருகுங்கள்.

இப்போது சுத்தியல் விசையை அணைத்து, மெதுவான சுற்றில், இரண்டு மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி மட்டும் போடுங்கள். குழி விழுந்ததும் நிறுத்தி, சுத்தியலைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சுவருக்கு நேர்செங்குத்தாக அழுத்துங்கள். அழுத்தம் தோளிலிருந்து வரட்டும், மணிக்கட்டிலிருந்து வேண்டாம். உள்ளங்கை காற்றுத் துளையை மூடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பூச்சில் இருக்கும்போது ஒரு சத்தம், செங்கல்லுக்குள் போனதும் அது கொஞ்சம் தடித்து, ஒரே சீராக வரும். ஒவ்வொரு செ.மீ.க்கும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட்டை வெளியே இழுத்துப் பொடியைக் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே விடுங்கள். பொடி உள்ளேயே இருந்தால் பிட் சூடாகும், நுனியில் இருக்கும் கார்பைடு கழன்றுவிடும். திடீரென்று சத்தம் கீச்சென்று உயர்ந்து, பிட் ஒரு நூல்கூட நகராமல், பொடியில் வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் கம்பி. அழுத்த வேண்டாம். ஒரு அங்குலம் தள்ளி மாற்றிப் போடுங்கள்.

டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். சைக்கிள் பம்பால் துளைக்குள் இரண்டு அடி காற்று, கண்ணைத் திருப்பிக்கொண்டு. இதை நிறையப் பேர் செய்வதில்லை. உள்ளே பொடி இருந்தால் பிளக் முழுக்கப் போகாது, போனாலும் பிடிக்காது. 6 மி.மீ. பிளக்குக்கு 4 அல்லது 4.5 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ. நீளம் எவ்வளவு என்றால் பிளக்கின் நீளம், மாட்டும் பலகையின் தடிமன், அதற்கு மேல் ஒரு அரை செ.மீ. ஸ்க்ரூவின் நுனி பிளக்கைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால்தான் பிளக் முழுசாக விரியும்.

சுண்ணாம்புச் சுவர்க்காரர்கள் சுத்தியலைப் போடவே வேண்டாம். 8 மி.மீ. பிளக்குக்கு 7 மி.மீ. பிட் போட்டால் பிளக் இறுக்கமாக உட்காரும். இரண்டு செங்கல் சேரும் சாந்தில் போடாமல் செங்கல்லின் நடுவில் போடப் பாருங்கள். ஏ.ஏ.சி. பிளாக்குக்கும் சுத்தியல் கூடாது, அதற்கென்றே தனிப் பிளக் விற்கிறது, கேட்டு வாங்குங்கள். குளியலறை டைல்ஸ் என்றால் குறிமேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஈட்டி நுனி வைத்த கண்ணாடி பிட்டால் சுத்தியல் இல்லாமல் மெதுவாக, தண்ணீர் தொட்டுத் தொட்டு. டைல்ஸைத் தாண்டிய பிறகு மேசன் பிட்டுக்கு மாறுங்கள்.

கிரைண்டர்

இதைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது. என் தம்பிக்கு இடது கன்னத்தில் காதிலிருந்து வாய் ஓரம் வரை ஒரு தழும்பு இருக்கிறது. நாலு அங்குல கிரைண்டரின் தகட்டு மூடியைக் கழற்றிவிட்டு, பல் வைத்த பெரிய மரப்பிளேடை மாட்டி, ஒரு கதவுச் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தான். பிளேடு மரத்தில் சிக்கியது, மிஷின் முகத்துக்கு வந்தது. கண் தப்பியது. அன்றைக்கு முதல் மூடி இல்லாமல் வரும் கிரைண்டரை என் கடையில் பழுது பார்ப்பதில்லை. மூடியை மாட்டிக் கொடுத்தால்தான் கொடுப்பேன். "நானூறு ரூபாய் வேலைக்கு இவ்வளவு பேச்சாக்கா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அது இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் ஆன மிஷின். மரத்தை அதில் அறுக்காதீர்கள். நாலு அங்குல மிஷினில் ஐந்து அங்குல டிஸ்க் மாட்டாதீர்கள். மூடியைக் கழற்றாமல் மாட்ட முடியாது என்பதே அது கூடாது என்பதற்குச் சாட்சி. கட்டிங் டிஸ்க்கைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள், மெல்லிய டிஸ்க் உடைந்து சிதறும். டிஸ்க்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருஷமும் அடித்திருப்பார்கள், அதுவரைதான் ஆயுசு. பிசினால் ஒட்டிய டிஸ்க் நாள்பட்டால், ஈரம் பட்டால், பலம் இழந்துவிடும். கீழே விழுந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள்.

பக்கப் பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். டிஸ்க் சுற்றும் கோட்டுக்கு நேராக உடம்பை வைக்காதீர்கள், ஒருபக்கமாக நில்லுங்கள். புது டிஸ்க் மாட்டியதும் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, அப்புறம் வேலையைத் தொடுங்கள். பொறி எங்கே போகிறது என்று முன்கூட்டியே பாருங்கள். ஜன்னல் கண்ணாடியிலும் வழவழப்பான டைல்ஸிலும் பொறி பட்டால் ஒட்டிக்கொள்ளும், நாலு நாளில் துருப்பிடித்த புள்ளியாகத் தெரியும், தேய்த்தாலும் போகாது. டிஸ்க்கை மாற்றும்போது சுவிட்ச்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவி எடுங்கள்.

எவர்சில்வர்

உருக்காலை ஊர் என்பதாலோ என்னவோ, நம் வீடுகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு ஸ்டாண்டு, கைப்பிடி, அலமாரித் தகடு எல்லாம் அதிகம். அதில் துளை போடப் போய் நுனி நீலமான பிட்டை என்னிடம் காட்டி, "பிட்டு டூப்ளிகேட்டுங்க்கா" என்பார்கள். பிட் நல்லதுதான். எவர்சில்வருக்கு ஒரு குணம், உரச உரச அந்த இடம் இறுகிக் கெட்டியாகும். முழு வேகத்தில், அழுத்தாமல் ஓட்டினால் பிட் வெட்டாமல் உரசும், உலோகம் இறுகும், அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது.

சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டுங்கள். சுத்தியலை அணையுங்கள். கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். (உலோகம் துளைக்கும் அதிவேக எஃகு) பிட், ஒரு சொட்டு எண்ணெய், தேங்காய் எண்ணெயானாலும் சரி. 5 மி.மீ. துளைக்கு நிமிஷத்துக்கு 600 சுற்றுக்குப் பக்கம் போதும், அதாவது விசையை ஐந்தில் ஒரு பங்கு அழுத்தினால் போதும். நன்றாக அழுத்துங்கள். சுருள் சுருளாகத் துகள் வந்தால் பிட் வெட்டுகிறது என்று அர்த்தம். பொடியாக வந்தாலோ கீச்சென்று கத்தினாலோ நிறுத்துங்கள். தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும், கத்தி மாதிரி கையில் இறங்கும். மரக்கட்டைமேல் வைத்து சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

பிளைவுட் அறுக்க மிஷின் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. நேர்க்கோட்டில் அறுக்க வேண்டியதை பிளைவுட் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் பெரிய மிஷினின் சுத்தம் வீட்டில் வராது. வளைவாக, மூலை வெட்டாக வேண்டும் என்றால் ஜிக்சா ஒன்று இருக்கலாம். அதன் பல் மேல்நோக்கி வெட்டும், அதனால் மேல்பக்கம்தான் சிலும்பும். அழகான பக்கத்தைக் கீழே வைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு அறுங்கள்.

மலைக்கு மேலே

ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் வேலை பார்க்கும்போது கீழ்நாட்டுக் கணக்கு செல்லாது. சேர்வராயன் மலைப் பாறை சார்னோகைட் என்கிற கருங்கல். பழைய எஸ்டேட் வீடுகளின் சுவர் அந்தக் கல்லாலேயே கட்டியது. இம்பாக்ட் டிரில்லை அதில் வைத்தால் பிட் பளபளப்பாகத் தேயுமே தவிர உள்ளே போகாது. படம், கடிகாரம், சின்ன மாடம் என்றால் கல்லும் கல்லும் சேரும் சாந்தில் துளை போட்டு, கொஞ்சம் நீளமான பிளக் வையுங்கள். கீசர், பெரிய அலமாரி என்றால் கல்லுக்குள்தான் போக வேண்டும், அதற்கு ரோட்டரி ஹேமர். அதுவும் முதலில் 6 மி.மீ. போட்டுவிட்டு, அதே துளையில் 10 மி.மீ. போடுங்கள்.

மேலே சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும். எஸ்டேட்டுக்குள் நெடுந்தூரம் ஓடும் லைனில் இன்னும் இறங்கும். இந்த மிஷின்களுக்குள் குளிர்விக்கிற விசிறி ஆர்மேச்சரோடு சேர்ந்தே சுற்றுகிறது. வோல்டேஜ் இறங்கினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் காற்றும் குறையும், அதே நேரத்தில் நாம் இன்னும் அழுத்துவோம். ஏற்காட்டிலிருந்து எனக்கு வரும் மிஷின்களில் நான் பார்க்கும் கருகல் இதுதான். பல்பு மங்கினால் வேலையை நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள்.

காப்பித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கில் பலகை போட்டு மேசை, பெஞ்சு செய்ய மேலே நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நல்ல மரம், ரேகை அழகாக வரும். ஆனால் அறுத்த பலகையை நிழலில் கட்டை கொடுத்து அடுக்கிக் காய விடாமல் மிஷினில் வைத்தால் ஈரமரம் பிளேடைக் கவ்வும், மிஷின் முனகும். சிலருக்கு அந்தத் தூள் பட்டால் தோல் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பனி இறங்குகிற மாசங்களில் மிஷினை வெளித் திண்ணையில் வைக்காதீர்கள். அடுப்படிப் பக்கத்து அலமாரி நல்லது.

மின்சாரமும் பராமரிப்பும்

600 வாட் டிரில் மூன்று ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் போதும். 1,300 வாட் மார்பிள் கட்டர் என்றால் ஏறக்குறைய 6 ஆம்பியர் ஆகிவிடும், 16 ஆம்பியர் பிளக்கில் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். சுருளாகச் சுற்றியபடியே ஓட்டினால் ஒயர் சூடாகும், முழுக்க விரித்துவிட்டு ஓட்டுங்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சாதனம்) இல்லாவிட்டால் மிஷின் வாங்கும் முன் அதைப் போடுங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கடினமான ஒரு துளை போட்டு முடித்ததும் மிஷினை அப்படியே கீழே வைக்காதீர்கள். சுமை இல்லாமல், முழு வேகத்தில், ஒரு நிமிஷம் காற்றில் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் சூட்டை அதன் விசிறியே வெளியே தள்ளிவிடும். எரியாமல் தப்பிய எத்தனையோ ஆர்மேச்சர் இந்த ஒரு நிமிஷத்தால் தப்பியவை.

ஓட்டும்போது விட்டு விட்டு நின்றால், தட்டினால் மறுபடி ஓடினால், பொறி அதிகமானால், கார்பன் தேய்ந்திருக்கிறது. 5 மி.மீ. நீளத்துக்குக் கீழே வந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது கம்யூட்டேட்டரைக் கீறும், அப்புறம் செலவு பத்து மடங்கு.

ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்போம் இல்லையா, அன்றைக்கே இந்த வேலையையும் முடித்துவிடுங்கள். பிளக்கை உருவிவிட்டு, காற்றுத் துளையில் பிரஷ் போட்டு, பம்பால் ஊதிப் பொடியை வெளியேற்றுங்கள். ஒயர் மிஷினுக்குள் நுழையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். சந்தனத்தைக் கைப்பிடிமேல் வையுங்கள், காற்றுத் துளை பக்கம் வேண்டாம், காய்ந்து உதிர்ந்து கார்பனுக்குள் போய்விடும். கடைக்குக் கார்பன் வாங்க வரும்போது பழைய கார்பனையும் கொண்டுவாருங்கள், மிஷின் பட்டையில் இருக்கும் மாடல் எண்ணை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு ஒரு நூல் தப்பினாலும் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும்.